வந்தவர்களும் விளைந்ததும்: பினாங்கும் சர்வதேச அமைப்புகளும்

பினாங்கு முதலமைச்சரின் அலுவலகம் ஜார்ஜ்டவுன் கொம்தார் கட்டடத்தின் 28-ஆம் மாடியில் இருக்கிறது. ஆசியான் அதிகாரிகள், ஐ.நா. பிரதிநிதிகள், வெளிநாட்டுத் தூதர்கள், வளர்ச்சி வங்கிகளின் நிர்வாகிகள் என்று யார் வந்தாலும் மரியாதை நிமித்தச் சந்திப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. நினைவுப் பரிசு கைமாறுகிறது, படம் எடுக்கிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பை வலுப்படுத்துவது குறித்துப் பேசப்பட்டதாக மறுநாள் நாளிதழில் செய்தி வருகிறது. அதற்கு அடுத்த நாள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்படிப்பட்ட அதிகாரபூர்வ வருகைகளால் ஒரு மாநிலத்தின் பொருளாதாரத்துக்கு உண்மையிலேயே ஏதாவது விளைகிறதா? விளைந்தால் எப்போது, யாரால், எந்த நிபந்தனையில்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் பினாங்கைவிடப் பொருத்தமான இடம் மலேசியாவில் இல்லை. துறைமுகமாகப் பிறந்து, தொழிற்பேட்டையாக மாறி, உலகப் பாரம்பரிய நகரமாகப் பெயர் பெற்ற இந்த ஊரின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ ஒரு வெளி அமைப்பின் நிழல் விழுந்திருக்கிறது. சில இடங்களில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. சில இடங்களில் அறிக்கைகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காத்திராமல் புறப்பட்ட காலம்

1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கால்வைத்தபோது சுங்க வரி இல்லாத துறைமுகம் என்பதே ஊரின் மூலதனம். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் மரைக்காயர்கள் கப்பலேறி வந்ததும், பின்னாளில் நகரத்தார் வட்டிக்கடை வைத்ததும், சீனர்கள் வெள்ளீய வாணிபத்தில் இறங்கியதும் அந்த வரிவிலக்கின் பேரில்தான். மலேசியா உருவான பிறகு அந்தச் சலுகை படிப்படியாகத் தேய்ந்து, 1969-இல் பறிபோனது. வேலையின்மை ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் தொட்டது. படித்த இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பெட்டி கட்டினார்கள்.

அந்த ஆண்டுத் தேர்தலில் கெராக்கான் கட்சியின் டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். 1990 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பதவியேற்ற ஆண்டிலேயே பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். 1970-இல் ராபர்ட் நாதன் ஆலோசனை நிறுவனம் தந்த பெருந்திட்ட அறிக்கை, உள்நாட்டுச் சந்தையை நம்பாமல் ஏற்றுமதித் தொழிலை நோக்கித் திரும்பச் சொன்னது. அறிக்கை எழுதுவது வெளியார் வேலை. அதைச் செயலாக்கியது வளர்ச்சிக் கழகம். 1972-இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வணிக மண்டலம் எழுந்தது.

அதன் பிறகு லிம் சோங் இயூ தலைவர்கள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அவரும் கழக அதிகாரிகளும் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா என்று நிறுவனங்களின் வாசலுக்கே போனார்கள். நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், பாஷ் ஆகிய எட்டும் முதல் அலையில் வந்தன. பினாங்கில் இன்றும் அவற்றை 'எட்டு சாமுராய்கள்' என்கிறார்கள். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் இங்கே தொடங்கியது. நெல்வயலாக இருந்த ஐந்து ஏக்கரில் 16 லட்சம் டாலர் முதலீடு. 2021 டிசம்பரில் அதே நிறுவனம் 700 கோடி டாலர் விரிவாக்கத்தை அறிவித்தது.

இந்தக் காலத்தின் படிப்பினை தெளிவானது. வந்த நிறுவன அதிகாரியிடம் காட்டுவதற்கு அளந்து வைத்த நிலம், மின்சாரம், சாலை, அனுமதிக் கடிதம் எல்லாம் தயாராக இருந்தன. மத்திய அரசு வரிச்சலுகை தந்தது; மாநிலம் இடம் தந்தது. பேச்சு முடிந்து விமானமேறியவரை மறுவாரம் யார் தொடர்புகொள்வது என்பதும் முடிவாகியிருந்தது. 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் இதே தொடர்ச்சியில் பிறந்தது. போட்டி நிறுவனங்களே ஒன்றுசேர்ந்து நடத்தும் பயிற்சிக்கூடம் அது. தொழிலாளியின் திறன் பழையதாகிவிட்டால் ஆலை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சத்தை அவர்கள் கூட்டாக எதிர்கொண்டார்கள்.

முக்கோணத்தின் முப்பது ஆண்டுகள்

அரசுகளுக்கிடையிலான பொருளாதார ஒத்துழைப்பு என்றால் பினாங்கின் முதன்மைச் சோதனைக்களம் இந்தோனேசியா-மலேசியா-தாய்லாந்து வளர்ச்சி முக்கோணம். 1993 ஜூலையில் லங்காவியில் கூடிய முதல் அமைச்சர் கூட்டத்தில் அது முறைப்படி பிறந்தது. அன்றைய பிரதமர் மகாதீரின் ஊக்கமும் ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வும் அதற்குத் துணைநின்றன. தொடக்கத்தில் மலேசியாவின் நான்கு வட மாநிலங்களும், சுமத்ராவின் அச்சே, வட சுமத்ரா மாநிலங்களும், தெற்குத் தாய்லாந்தின் ஐந்து மாநிலங்களும் சேர்ந்தன. பிறகு எல்லை விரிந்தது. இன்று சுமத்ராவின் பத்து மாநிலங்களும் தெற்குத் தாய்லாந்தின் பதினான்கு மாநிலங்களும் அதில் அடங்கும்.

காகிதத்தில் பினாங்கே இதன் நடுப்புள்ளி. முக்கோணத்தின் பொருளாதாரத் தடங்களில் முதன்மையானது சொங்க்லா-பினாங்கு-மேடான் தடம். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தாய்லாந்து எல்லையான புக்கிட் காயூ ஹீத்தாம் வழியாகக் காரில் காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்கு ஹட்யாய் போய்விடலாம். தெற்குத் தாய்லாந்தின் ரப்பர் சரக்கு நெடுங்காலமாகப் பட்டர்வொர்த் கொள்கலன் முனையம் வழியாகவே கப்பலேறுகிறது. மேடானிலிருந்தும் அச்சேயிலிருந்தும் நோயாளிகள் பினாங்குத் தனியார் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். மலேசியாவின் மருத்துவச் சுற்றுலா வருமானத்தில் பினாங்குக்குக் கிடைப்பது பெரும்பங்கு.

இவற்றில் எத்தனை முக்கோணத்தால் விளைந்தவை? நேர்மையாகச் சொன்னால், மிகச் சில. ரப்பர் சரக்கு 1993-க்கு முன்பே வந்துகொண்டிருந்தது. மேடான் நோயாளியை இழுத்தது மருத்துவரின் பெயரும், குறைந்த விமானக் கட்டணமும், மொழி புரியும் வசதியும்தான். பினாங்குக்கும் மேடானின் பெலாவான் துறைமுகத்துக்கும் இடையே ஓடிய பயணிகள் படகு, மலிவு விமானங்கள் வந்த பிறகு நின்றே போனது. பாங்காக்கிலிருந்து பட்டர்வொர்த் வரை வந்த சர்வதேச ரயிலும் பல ஆண்டுகளுக்கு முன்பே பாடாங் பெசார் எல்லையோடு சுருங்கிவிட்டது. முக்கோணம் இருந்த காலத்திலேயே இந்த இரண்டு இணைப்புகளும் அறுந்தன.

இதற்கான காரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, காலக்கேடு. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி மூன்று நாடுகளையும் ஒரே சமயத்தில் அடித்தது. அச்சேயில் உள்நாட்டுப் போர் 2005 ஹெல்சிங்கி ஒப்பந்தம் வரை ஓயவில்லை. தெற்குத் தாய்லாந்தில் 2004 ஜனவரியில் வன்முறை மீண்டும் மூண்டது. அதே ஆண்டு டிசம்பர் 26 சுனாமி அச்சேயைத் துடைத்தெடுத்தது. மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்கில்தான் மாண்டார்கள்.

இரண்டாவது, பொருளாதார அமைப்பு. சிங்கப்பூர்-ஜொகூர்-ரியாவ் முக்கோணத்தில் சிங்கப்பூரிடம் மூலதனம் இருந்தது. ஜொகூரிலும் பாத்தாம் தீவிலும் நிலமும் தொழிலாளரும் இருந்தார்கள். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் தந்தார். வடக்கு முக்கோணத்தில் மூன்று பக்கமும் ரப்பர், செம்பனை, மீன். ஒரே பொருளை விற்பவர்கள் தங்களுக்குள் வாங்குவதற்கு என்ன இருக்கிறது? பினாங்கிடம் தொழிற்சாலைகள் இருந்தன. ஆனால் அவற்றின் மூலதனமும் முடிவெடுக்கும் அதிகாரமும் கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும் இருந்தன. மேடானில் ஆலை வைக்கலாமா என்று தீர்மானிக்கப் பினாங்கு மேலாளருக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, அலுவலகம். நாட்டுத் தலைவர்களின் முதல் உச்சநிலை மாநாடு 2005 டிசம்பரில்தான் கோலாலம்பூரில் நடந்தது. முக்கோணத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. நிலையான ஒருங்கிணைப்பு மையம் அதற்கும் பிறகே வந்தது. இன்று அது புத்ராஜெயாவில் இயங்குகிறது. 2007-இல் முதல் செயல்திட்டம், பின்னர் ஐந்தாண்டுத் திட்டங்கள், 2036-ஐ இலக்காகக் கொண்ட தொலைநோக்கு ஆவணம் என்று ஒழுங்கு வந்தது. முதலமைச்சர்களும் ஆளுநர்களும் கூடும் மன்றமும் இருக்கிறது. ஆக, முதல் பத்தாண்டுக்கும் மேலாகக் கூட்டங்கள் நடந்தன. அவற்றின் தீர்மானங்களைத் தினமும் துரத்துவதற்கு ஆள் இல்லை.

அதற்காக முக்கோணத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. எல்லைச் சோதனைச் சாவடியின் நேரம், சரக்கு லாரியின் அனுமதி, ஹலால் சான்றிதழின் ஒப்புதல் ஆகியவை முதலமைச்சரின் கைகுலுக்கலால் தீர்பவை அல்ல. அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை. அந்தப் பேச்சுக்கு ஒரு மேசை இருப்பதே பயன்தான். ஆனால் அந்த மேசையில் உட்காருபவர்கள் பெரும்பாலும் மத்திய அரசு அதிகாரிகள். மேடானுக்கு ஊறுகாய் ஏற்றுமதி செய்ய நினைக்கும் பட்டர்வொர்த் சிறுதொழில்காரருக்கு அப்படி ஒரு மேசை இருப்பதே தெரியாது.

வருகிறவர் என்ன தர முடியும்?

ஒரு வருகையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு முன், வருகிறவரிடம் எந்த அதிகாரம் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. 2023 முதல் ஆசியான் பொதுச்செயலாளராக இருப்பவர் கம்போடியாவின் காவ் கிம் ஹோர்ன். அவர் பதவி பெரியது. கையில் உள்ள அதிகாரம் சிறியது. ஆசியான் எல்லா முடிவையும் ஒருமித்த கருத்தால் எடுக்கிறது. ஜகார்த்தா செயலகத்துக்கு உறுப்பு நாடுகள் சம அளவில் சந்தா கட்டுகின்றன. ஆகவே வசதி குறைந்த நாடு கட்டக்கூடிய தொகையைத் தாண்டி அதன் நிதி வளர்வது கடினம். பொதுச்செயலாளர் ஓர் ஊருக்கு வந்து தொழிற்பேட்டையைப் பார்த்தால், அந்த ஊரின் பெயர் ஆசியான் கூட்டங்களில் ஒலிக்கும். முதலீட்டை அவர் கையோடு கொண்டுவர முடியாது.

ஆசிய வளர்ச்சி வங்கியின் தலைவரிடம் பணம் இருக்கிறது. ஆனால் அந்த வங்கி முதன்மையாக நாட்டு அரசுகளோடு பேசுகிறது. மேல்நடுத்தர வருமான நாடான மலேசியா அதனிடம் இப்போது பெரிதாகக் கடன் வாங்குவதும் இல்லை. உலக வங்கி 2016-இல் கோலாலம்பூரில் அலுவலகம் திறந்தபோதும் அதை அறிவு, ஆராய்ச்சி மையம் என்றே அழைத்தது. எனவே இத்தகைய தலைவர்கள் பினாங்குக்கு வருவதால் கிடைக்கக்கூடியது ஆய்வும் அங்கீகாரமும்தான். இதைத் தெரிந்துகொண்டு வரவேற்கும் மாநிலம் சரியான கேள்வியைக் கேட்கும். தெரியாத மாநிலம் கோடிக்கணக்கான ரிங்கிட் வரும் என்று செய்தி கொடுத்துவிட்டுப் பிறகு மௌனமாக இருக்கும்.

மறுத்துப் பேசிய வருகை

யுனெஸ்கோவின் கதை இதிலிருந்து மாறுபட்டது. 2008 ஜூலை 7-இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி 109 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்பு வளையம் 150 ஹெக்டேர். பட்டியலில் சேர்ந்த மை உலர்வதற்குள் 18 மீட்டர் உயர வரம்பை மீறும் நான்கு ஹோட்டல் திட்டங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. 2009 ஏப்ரலில் யுனெஸ்கோவின் ஆய்வுக் குழு நேரில் வந்தது. திட்டங்களின் உயரம் குறித்து மாநில அரசு மறுபேச்சு நடத்த வேண்டியதாயிற்று, உயரங்கள் குறைக்கப்பட்டன.

இந்த வருகையில் பொன்னாடையும் நினைவுப் பரிசும் முக்கியமாக இருக்கவில்லை. வந்தவர்களிடம் ஒரு விதிமுறை இருந்தது. அதை மீறினால் பட்டியலில் இருக்கும் இடம் ஆட்டம் காணும் என்ற நிலை இருந்தது. உள்ளூரில் பினாங்குப் பாரம்பரிய அறக்கட்டளை போன்ற அமைப்புகள் விவரங்களைத் திரட்டி வைத்திருந்தன. 2010-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் தொடங்கப்பட்டது. சிறப்புப் பகுதித் திட்டம் 2016-இல் அரசிதழில் வெளியானது. ஓர் அலுவலகமும் ஒரு சட்டமும் எஞ்சியதால் அந்த வருகையின் விளைவு நிலைத்தது.

ஆனால் பொருளாதாரக் கணக்கில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய கட்டடங்களில் குறைந்த வாடகையில் குடியிருந்தவர்களைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிவுக்கு வந்திருந்தது. எட்டு ஆண்டு கழித்து யுனெஸ்கோ முத்திரை வந்ததும் கடைவீடுகளின் விலை ஏறியது. விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. பழைய குடும்பங்களும் கைத்தொழிலாளர்களும் நகர்ந்தார்கள். குட்டி இந்தியாவைச் சுற்றிய தெருக்களிலும், தமிழர்கள் கடைத்தெரு என்று அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டிலும் வாடகை உயர்வின் சுமையைப் பலசரக்கு, பூக்கடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். சுற்றுலாப் பயணி கூட்டம் கூட்டமாக வந்தாலும், அந்த வருமானம் தெருவில் நெடுங்காலம் இருந்தவருக்குப் போய்ச் சேருவதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். யுனெஸ்கோவின் விதிமுறை கட்டடத்தைக் காத்தது. குடியிருந்தவரைக் காக்க அதில் பல் இல்லை.

வந்து தங்கியவை, இங்கிருந்து கிளம்பியவை

சில அமைப்புகள் வந்து போகவில்லை, வந்து தங்கிவிட்டன. தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பின் அறிவியல், கணிதக் கல்வி மையம் 1967 முதல் கெளுகோரில் இயங்குகிறது. மணிலாவில் 1977-இல் தொடங்கிய சர்வதேச மீன்வள ஆய்வு நிறுவனம் 2000-இல் தன் தலைமையகத்தைப் பினாங்குக்கு மாற்றிக்கொண்டது. இன்று வேர்ல்டுஃபிஷ் என்ற பெயரில் பத்து மாவுங்கில் இருக்கும் அந்த நிறுவனத்தோடு தொடர்புடைய இருவர் உலக உணவுப் பரிசு பெற்றிருக்கிறார்கள்: 2005-இல் இந்தியாவின் மொதடுகு விஜய் குப்தா, 2021-இல் சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட். வங்கதேசம் முதல் ஆப்பிரிக்கா வரை ஏழைக் குடும்பங்களின் குளங்களில் மீன் வளர்ப்பதற்கான ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் தலைமையிடம் பினாங்கு என்பதைப் பினாங்குக்காரர்களில் பலரே அறியமாட்டார்கள்.

எதிர்த்திசையிலும் ஓட்டம் இருந்தது. உலகப் பயனீட்டாளர் அமைப்பின் ஆசிய பசிபிக் அலுவலகம் பினாங்கில் அமைந்தது. தைப்பிங்கில் பிறந்து பினாங்கைத் தளமாகக் கொண்ட அன்வார் ஃபசல் 1978 முதல் 1984 வரை அந்த உலக அமைப்புக்கே தலைவராக இருந்தார். பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பு 1982-இல் இங்கே பிறந்தது. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வணிகம் செய்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வளர்ந்தது. 1984-இல் மூன்றாம் உலக வலையமைப்பு உருவானது. உலக வணிக அமைப்பின் பேச்சுவார்த்தைகளில் ஏழை நாடுகளின் தரப்பை விளக்கி எழுதிய மார்ட்டின் கோர் அங்கிருந்தே வளர்ந்து, ஜெனீவாவின் தென்மையத்துக்குச் செயல் இயக்குநரானார்.

பொருளாதார ஒத்துழைப்பு என்றதும் முதலீட்டை மட்டும் எண்ணுகிறோம். காப்புரிமை, மருந்து விலை, விதை உரிமை, முதலீட்டு ஒப்பந்தங்களின் நுண்ணெழுத்து ஆகியவற்றை ஏழை நாடுகளின் பேச்சாளர்களுக்குப் படித்துச் சொன்ன மேசைகளில் ஒன்று ஜார்ஜ்டவுனில் இருந்தது. ஒரு சிறு நகரம் சர்வதேச அமைப்புகளை வரவேற்பதோடு நிற்காமல், அவற்றைக் கேள்வி கேட்கவும் செய்தது. இது பினாங்கின் தனிச்சிறப்பு. மாநிலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளாதாரத் தலைவரும் தொழிற்பேட்டையைப் பார்ப்பதோடு இந்த அமைப்புகளையும் சந்தித்துவிட்டுப் போக வேண்டும் என்று ஏன் ஏற்பாடு செய்யக்கூடாது?

மாநிலத்தின் கை எட்டும் தூரம்

பினாங்கு அரசால் எவ்வளவு வாக்களிக்க முடியும் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். வெளியுறவு, சுங்கம், துறைமுகம், விமான நிலையம், ரயில் எல்லாம் மத்திய அரசின் அதிகாரம். அரசியல் சட்டம் மாநிலத்திடம் விட்டுவைத்த பெரிய சொத்து நிலம். லிம் சோங் இயூவின் வெற்றி அந்த ஒரே அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்தியதில் இருந்தது. 2008 முதல் 2018 வரை மாநிலத்தில் ஒரு கூட்டணியும் மத்தியில் எதிரணியும் ஆண்ட காலத்தில், வெளி அமைப்புகளோடு பேசும் ஒவ்வொரு முயற்சியிலும் இந்த வரம்பு தெரிந்தது.

இப்போது அந்த நிலமும் தீர்ந்துகொண்டிருக்கிறது. தீவில் இடமில்லாததால் தொழில் பெருநிலத்துக்குப் போகிறது. 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் பத்து காவானைத் தொழிற்பேட்டை ஆக்கியது. ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த தோட்ட மண் அது. தீவின் தெற்கே கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் அமைக்கும் திட்டம், மீனவர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2023-இல் ஒரு தீவாகச் சுருக்கப்பட்டது.

தண்ணீர் இன்னொரு வரம்பு. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி கெடா மாநிலத்திலிருந்து ஓடிவரும் மூடா ஆற்றை நம்பியிருக்கிறது. அந்த நீருக்குக் கட்டணம் கேட்கும் கெடாவுக்கும் மறுக்கும் பினாங்குக்கும் இடையே பல ஆண்டுகளாகச் சச்சரவு. இரண்டும் வளர்ச்சி முக்கோணத்தின் முதல்நாள் உறுப்பினர்கள். மேடானோடும் சொங்க்லாவோடும் ஒத்துழைப்பு பேசும் மேசையில், பக்கத்து வீட்டோடு உள்ள தண்ணீர்த் தகராறு தீராமல் கிடக்கிறது. சில்லுத் தொழிற்சாலைகள் தண்ணீரைக் குடிப்பவை என்பதால், வரும் முதலீட்டாளர் ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

அமெரிக்க-சீனப் போட்டியின் விளைவாக முதலீடு குவிந்திருக்கும் இந்த நேரத்தில் இந்தக் கேள்விகள் கூர்மையாகின்றன. 2023-இல் பினாங்குக்கு அங்கீகரிக்கப்பட்ட அந்நிய உற்பத்தி முதலீடு 60.1 பில்லியன் ரிங்கிட். 2013 முதல் 2020 வரையிலான எட்டு ஆண்டுகளின் மொத்தத்தைவிட இது அதிகம். உலகின் சில்லுப் பொதியிடல், சோதனைப் பணியில் மலேசியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு. அதன் இதயம் பினாங்கு. 2024 மே மாதம் வெளியான தேசிய குறைக்கடத்தி வியூகம் பொதியிடலைத் தாண்டி வடிவமைப்புக்கு ஏற வேண்டும் என்கிறது. ஏறுவதற்கு வேண்டியது பொறியாளர்கள். அவர்களை மாநாட்டு அறிக்கைகள் உருவாக்குவதில்லை.

தமிழ்நாட்டோடு ஒரு தொடர்ச்சி

இக்கேள்வி தமிழ் வாசகருக்கு நெருக்கமாவதற்குக் காரணம் உண்டு. முக்கோணத்தின் பினாங்கு, மேடான் ஆகிய இரு முனைகளையும் கட்டியவர்களில் தமிழ்த் தொழிலாளரும் அடக்கம். மேடானைச் சுற்றிய டெலி புகையிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அங்கே 1884-இல் மாரியம்மன் கோயில் எழுப்பினார்கள். ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. ரஜுலா கப்பலும் பின்னர் எம்.வி. சிதம்பரமும் சென்னை, நாகப்பட்டினம் பயணிகளையும் சரக்கையும் பினாங்கில் இறக்கின. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழி முடிந்தது.

அதன் பிறகு சென்னையிலிருந்து பினாங்குக்கு வர விரும்பியவர் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இறங்கி விமானம் மாற வேண்டியிருந்தது. நேரடி விமானம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் பல மேடைகளில் ஒலித்தது. 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னை-பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. நாள்தோறும் பறக்கும் ஒரு விமானம், பத்துப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் செய்யாததைச் செய்யும். துணி வாங்கப் போகும் கடைக்காரர், மருத்துவம் பார்க்க வரும் குடும்பம், ஆலை பார்க்க வரும் பொறியாளர் என்று மூவரையும் அது ஏற்றிக்கொள்கிறது.

இனி செய்யக்கூடியது அதிகம். இந்தியாவின் மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் தமிழ்நாடு, குறைக்கடத்தித் துறையில் கால்வைக்கத் திட்டமிடுகிறது. பொதியிடலிலும் சோதனையிலும் பினாங்குக்கு ஐம்பதாண்டு அனுபவம். தமிழ்நாட்டில் பொறியாளர்கள் நிறைய. பினாங்கில் அவர்களுக்குப் பற்றாக்குறை. வடக்கு முக்கோணத்தில் இல்லாத 'ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கிறது' என்ற நிலை இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டின் 'கைடன்ஸ்' நிறுவனமும் பினாங்கின் 'இன்வெஸ்ட் பினாங்கு' நிறுவனமும் முதலீட்டை ஈர்க்கும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டும் போட்டியாளர்கள் என்பதும் உண்மை. அதே ஆலையை இருவரும் கேட்கும் நாள் வரும். ஆகவே பேச வேண்டியது பயிற்சி, பாடத்திட்டம், உதிரிபாக விநியோகம் போன்ற போட்டி குறைந்த இடங்களில் தொடங்க வேண்டும். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் படித்து வெளிவரும் பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் ஆலையின் உற்பத்தி வரிசையோடு நிற்காமல் வடிவமைப்புக் கூடத்துக்குள் நுழையும் வழியும் அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும். மாநிலத்தின் வளர்ச்சிப் புள்ளிவிவரத்தில் தமிழர் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்வியை எந்த வெளிநாட்டு விருந்தினரும் தாமாகக் கேட்கமாட்டார்.

மதிப்பீடு

மேலே பார்த்தவற்றைச் சேர்த்து வைத்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. எட்டு நிறுவனங்கள் வேரூன்றியதற்கு நிலமும் வளர்ச்சிக் கழகமும் காரணம். யுனெஸ்கோ குழுவின் சொல் எடுபட்டதற்கு விதிமுறையும் விழிப்பான உள்ளூர் அமைப்புகளும் காரணம். வேர்ல்டுஃபிஷ் நிலைத்ததற்கு அது வந்து குடியேறியதே காரணம். முக்கோணம் தடுமாறியதற்குத் தொடக்கத்தில் அதைத் தூக்கிச் சுமக்க அலுவலகம் இல்லாததும், கொடுத்து வாங்கப் பொருள் இல்லாததும் காரணம். வந்த தலைவரின் பதவி எவ்வளவு பெரியது என்பது எந்த இடத்திலும் விளைவைத் தீர்மானிக்கவில்லை. அவர் போன பிறகு கோப்பைக் கையில் எடுக்கும் உள்ளூர் அலுவலகம் இருந்ததா என்பதே தீர்மானித்தது.

ஆகவே அதிகாரபூர்வ வருகைகளை வீண் செலவு என்று ஒதுக்குவதும், பொருளாதார வெற்றி என்று கொண்டாடுவதும் ஒரே அளவு தவறு. பினாங்கு அரசு மூன்று நடைமுறைகளைக் கொண்டுவரலாம். ஒவ்வொரு வருகைக்கும் முன், மாநிலம் என்ன கேட்கப்போகிறது, எதைத் தர முடியும் என்ற ஒரு பக்கக் குறிப்பைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். வருகையின் பேச்சில் தொழில் சங்கங்களும், சிறு வணிகர்களும், பயனீட்டாளர் அமைப்புகளும், தமிழர் உள்ளிட்ட எல்லாச் சமூகங்களின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். ஓர் ஆண்டு கழித்து, பேசியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, யார் பொறுப்பு என்ற அறிக்கை மாநிலச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை 28-ஆம் மாடிச் சந்திப்பின் படம் நாளிதழில் வந்தால் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். சரியாக ஓர் ஆண்டு கழித்து உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் அதன் பலன் என்னவென்று கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் பதில் சொல்லும் அலுவலகமும் இருக்கும்.